ஒண்ணும் மாறலைங்க

ஏனுங்க, இந்த பஸ்சு குன்னத்தூர் போகுமுங்களா? போகுமா, செரி. இல்லீங்க, போர்டைப் பாத்துட்டுத்தான் ஏறுனேன். கண்டக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். டிக்கெட்டுலயும் குன்னத்தூருன்னுதான் போட்டிருக்குது. இருந்தாலும் பின்னாடி சீட்டுல இருந்து இப்பத்தான முன்னாடி வந்தேன், அதான் உங்ககிட்டயும் ஒருக்கா கேட்டுக்கிட்டேன்.

நீங்க எது வரைக்குமுங்க? கோபியா? அப்ப எனக்கப்புறந்தான் எறங்குவீங்க, நல்லதாப் போச்சு. இந்தப் பையைச் சித்தே சன்னல் பக்கமா வெச்சுக்குங்களேன். உள்ள ஜாதகம் இருக்குது, மடங்கிரக் கூடாது. லேமினேசன் பண்ணுனதுதான், மடங்காது. இருந்தாலும்.

நீங்களும் கம்ப்யூட்டர் கம்பெனிங்களா? இல்லீங்களா? மாவு மில்லுங்களா! அட, அப்ப உங்களுக்கு நான் சொல்றது இன்னும் நல்லாப் புரியுமுங்க. எனக்கு மனசே ஆற மாட்டேங்குது, யாருகிட்டயாவது சொல்லோணும். எங்க ஆபீஸ்ல ஒரு அம்மிணி, என்ற பஞ்சாங்கத்தைத் தூக்கித் தெருமுக்குல வெச்சுப்போட்டாங்க. ஒரு வார்த்தைக்குச் சொல்றேனுங்க. நெசமான தெருமுக்கு இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு தெருமுக்கு.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பன். ஹோப் காலேஜ் பக்கத்துல ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில எங்க கம்பெனி. சின்னதுதான். சாயப்பட்டறை மிசினுக்குச் சாப்ட்வேர் பண்றோம். துணிக்கு எந்தக் கலர் வேணுமோ அதுக்கு எந்தச் சாயம் எத்தனை, தண்ணி எத்தனை சூடு, எத்தனை நேரம் சுத்தோணும், அதெல்லாம் மிசினுக்குச் சொல்லித் தர்ற சோலி. ஒரு பெரிய அட்டவணை இருக்குதுங்க. அதுல ஆயிரம் கலர். மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ, மயில்கழுத்து, வெங்காயத்தோலு, அரக்கு, பாக்கு, இன்னும் பேரே இல்லாத கலரெல்லாம் இருக்குது. ஒரு கலருக்கு ஒரு ஃபைல். ஆயிரத்தையும் மனுசன் உக்காந்து எழுதுனா ஆயுசு முடிஞ்சுரும். அதனால அட்டவணையைப் படிச்சு ஆயிரம் ஃபைலையும் தானாவே எழுதற மாதிரி ஒரு புரோகிராம் போட்டு வெச்சேன். ஆமாங்க, நானேதான். ஒத்தை ஆளா.

அந்த ஃபைலு நமக்குத்தான் புரியும், மிசினுக்குப் புரியாது. அதை மிசினு பாசைக்கு மாத்தோணும். கம்பைல் பண்றதுன்னு சொல்லுவோம். உங்க மில்லுல அரிசியை மாவாக்கற மாதிரின்னு வெச்சுக்குங்க. ஆயிரம் மூட்டை அரிசியைக் கட்டி வெக்கறது என்ற புரோகிராமு. அரைக்கறது கம்ப்யூட்டரு.

இப்பத்தானுங்க விசயமே. நீங்க மில்லுல புதுக் கணக்கு எழுதுனா தலைப்புல பிள்ளையார் சுழி போடாம எழுதுவீங்களா? மாட்டீங்கல்ல? அதே மாதிரி நான் ஒவ்வொரு ஃபைலுக்கும் தலையில சுழி போட்டேன். சுழி மட்டும் போட்டா மொட்டையாத் தெரிஞ்சுது. அடியில தேதி போட்டேன். தேதி இருந்தா திதி இருக்கோணும். திதி இருந்தா நட்சத்திரம், யோகம், கரணம், சூலம். கடைசியில எழுதற மணி, நிமிசம். பாக்கறதுக்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அத்தனை லட்சணமா இருக்குமுங்க. இன்னொரு ஏற்பாடும் பண்ணியிருந்தேன். ராகு காலத்துல புரோகிராமு ஓடாது. "ராகு காலம் நடக்கிறது, பொறுத்திருக்கவும்"னு ஸ்கிரீன்ல வந்து நின்னுக்கும். எமகண்டத்துக்கும் அதே மாதிரி செய்யலாம்னு இருந்தேன், எங்க மொதலாளி லோகேஸ்வரன் சாரு கும்புட்டுக் கேட்டுக்கிட்டாரு, செரின்னு உட்டுட்டேன்.

சிரிக்காதீங்க. அதைப் போட்டதுக்கப்புறந்தான் கம்பெனிக்குப் பெரிய ஆர்டரே வந்துது.

என்ன ஒண்ணு, அரைக்கற கம்ப்யூட்டரு இருக்குது பாருங்க, அது ஒரு சோம்பேறிங்க. ஏற்கெனவே அரைச்சு வெச்சதை மறுக்கா அரைக்காது. நல்ல விசயந்தான். ஆனா எதை அரைக்கோணும், எது வேண்டாம்னு அது எப்படிக் கண்டுபிடிக்குதுன்னா, மூட்டையைக் கடைசியா எப்பத் தொட்டாங்கன்னு மட்டுந்தான் பாக்கும். மாவு அரைச்சதுக்கப்புறம் யாராச்சும் தொட்டிருந்தா, புதுசா அரைச்சுப்போடும். உள்ள இருக்கறது அதே அரிசிதானான்னு பிரிச்சுப் பாக்காது. என்ற புரோகிராமு என்ன பண்ணும், ஒரே ஒரு கலரை ரவ மாத்துனாலும் ஆயிரம் மூட்டையையும் பிரிச்சு, அன்னைக்குப் பஞ்சாங்கத்தை எழுதி, மறுக்காக் கட்டி வெச்சுரும். ஆயிரமும் அரையும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

இதுல தப்பென்னங்க? தொட்டாச்சு, அரைச்சுப்போட வேண்டியதுதான? சுத்தமா இருக்கும்.

அந்த ஒரு மணி நேரமும் ஆபீஸ்ல யாருக்கும் ஒரு சோலியும் இருக்காது. எல்லாரும் கீழ பேக்கரிக்கு எறங்கிருவோம். டீ, பப்ஸு, தேங்காய் பன்னு. பேக்கரிக்காரரு என்னைப் பாத்தாத்தான் ரெண்டாவது பாலே காய வெப்பாரு. அத்தனை மருவாதி.

அட, பஸ்சு நின்னு கெளம்பிருச்சே. ஏனுங்க, இது குன்னத்தூர்தான போகுது? ஆமாமா, கேட்டேன், கேட்டேன். நின்னு கெளம்புச்சுல்ல, அதான்.

செரி, அந்தம்மிணிகிட்ட வர்றேன். பேரு கோகிலவாணி. உடுமலைப்பேட்டைக்காரங்க. போன வருசம் தீவாளி நோம்பி கழிஞ்சு எங்ககிட்ட வேலைக்குச் சேந்தாங்க. முப்பத்தி மூணு வயசாகுது. அவங்களுக்கு மூல நட்சத்திரம், அதனால வந்த மாப்பிள்ளை வூடெல்லாம் வாசல் கேட்டைத் தொட்டுட்டே திரும்பிப் போயிட்டாங்க. எனக்குச் செவ்வா தோசம், எனக்கும் அதே கதை. அவங்க அதைப் பேக்கரியில சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எனக்குச் சிரிக்க வரலை. ஆனா அன்னைக்கு ரெண்டாவது டீ குடிச்சேன். நான் ரெண்டாவது டீ குடிக்கற ஆளே இல்லீங்க.

அப்புறம் தெனமும் அங்கதான் பேசுவோம். எல்லாரும் ஒரு பக்கம் நின்னு கிரிக்கெட்டு பேசுவாங்க, நாங்க அந்தப் பலகையில உக்காந்துக்குவோம். ஒரு தேங்காய் பன்னை வாங்கிப் பாதி பாதியாப் பிச்சுக்குவோம். அவங்க அப்பா ரேடியோ ரிப்பேரு பண்றவரு, இப்ப ரேடியோவே இல்லாததால மிக்சி பாக்கறாருன்னு சொல்லுவாங்க. நான் எங்கம்மாவுக்கு மூட்டுவலின்னு சொல்லுவேன். அப்படியே போயிட்டிருந்துது. ஒரு நாளு அவங்களேதான் கேட்டாங்க. "ஏனுங்க, நம்ம ரெண்டு பேரு ஜாதகத்தையும் ஒருக்காச் சேத்துப் பாத்தா என்ன?"

நான் என்ற பாதிப் பன்னை டீக்குள்ள போட்டுட்டேன்.

எங்கம்மாகிட்டச் சொன்னேன். எங்கம்மா அவங்க போட்டோவைப் பாத்துட்டு, "செவ்வாயும் மூலமும் ஒண்ணையொண்ணு பாத்துக்கும், நீ மொதல்ல கூட்டிட்டு வா"ன்னுட்டாங்க. ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க. குன்னத்தூர்ல எங்க ஜோசியரு இருக்காரு, வேலுச்சாமிங்கறவரு. கொண்டு போயிக் காட்டுனேன். எட்டுப் பொருத்தம். பத்துக்கு எட்டு! அவரே கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "சென்னி, இதுக்கு மேல எதிர்பாக்காத, பேசி முடி"ன்னாரு.

செரி, முடிச்சிருக்கலாமேங்கறீங்களா? முடிச்சிருக்கலாமுங்க. ஆனா பாருங்க, வூட்டுக்கு வந்தப்ப அந்த ஜாதகத்தாளு ஓரத்துல நஞ்சு போயிருந்துது. புதுசா ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன். எடுத்ததுக்கப்புறம் ஒரு யோசனை. புதுத் தாளாச்சே, இதைக் காட்டவே இல்லையே? மறுக்கா குன்னத்தூர். எட்டு. வந்து எங்கம்மா மூலையில மஞ்சத் தடவி வெச்சாங்க. மஞ்சத் தடவுனதைக் காட்டோணுமில்ல? மறுக்கா போனேன். எட்டு. அப்புறம் மஞ்சக் கறை எழுத்து மேல எறங்கிரும்னு லேமினேசன் பண்ணுனேன். எத்தனை பெரிய வேலை பண்ணியிருக்கறோம், ஒருக்கா பாத்துருவோம்னு எடுத்துட்டுப் போனா, அந்த ஜோசியரு என்னைப் பாத்த ஒடனே உள்ள போயி, "எட்டுன்னு சொல்லி அனுப்பு"ன்னு அவரு சம்சாரத்துகிட்டச் சொல்றாருங்க. என்ன மருவாதி அது? பாக்காமயே சொன்னா அது எப்படிச் செல்லும்?

ஒவ்வொருக்காவும் கோகிலவாணி கேப்பாங்க. "என்ன சொன்னாருங்க?" "எட்டுங்க." "போன தடவ?" "எட்டுத்தானுங்க." டீயைப் பாதியிலயே கீழ வெச்சுருவாங்க. நல்ல சேதி சொல்றோமே, மூஞ்சி ஏன் இப்படிப் போகுதுன்னு எனக்கு வெளங்கவே இல்லைங்க.

இப்ப அந்தச் சண்டைக்கு வர்றேன். பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறைக்காரரு, சபாபதின்னு பேரு, எங்களுக்குப் பெரிய பார்ட்டி. போன மாசம் நேர்ல வந்துட்டாரு. வந்து உக்காந்து, "இந்த வெங்காயத்தோலு கலர்ல ரவ செவப்பு ஏத்திக் காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்"னாரு. ஒரே ஒரு கலரு. ஒரு எண்ணை மாத்துனாப் போதும். லோகேஸ்வரன் சாரு, "அஞ்சு நிமிசத்துல காட்டறோமுங்க"ன்னு வாயை உட்டுட்டாரு. அமுக்குனா, ராகு காலம். "பொறுத்திருக்கவும்." அந்தாளு ஸ்கிரீனைப் பாக்கறாரு, சாரைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. நான், "இப்ப முடிஞ்சுருமுங்க"ன்னேன். முடிஞ்சுது. ஓட உட்டோம். ஆயிரம் கலரும் அரைய ஆரம்பிச்சுது. அரக்கு, கத்திரிப்பூன்னு ஒவ்வொண்ணாப் பேரு ஓடுது. "நான் வெங்காயம்தான கேட்டேன், எதுக்குய்யா கத்திரிக்காயை அரைக்கறீங்க?"ங்கறாரு. கீழ கூட்டிட்டுப் போயி டிபன் வாங்கிக் குடுத்தோம். மேல வந்தாரு, மயில்கழுத்து ஓடுது. சோபாவுல சாஞ்சு தூங்கிட்டாரு. எந்திரிச்சுப் பாத்தா இன்னும் ஓடுது. செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாரு. எழுத்து வரிசைப்படி வெங்காயம் கடைசியில வர்றதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?

சாரு அன்னைக்கு என்னை ஒண்ணும் சொல்லலை. நேரா கோகிலவாணிகிட்டப் போயி, "அம்மிணி, இதைச் செரி பண்ணுங்க, இல்லைன்னா கம்பெனியைப் பேக்கரிக்காரருக்கே எழுதிக் குடுத்தர்றேன்"னாரு.

அவங்க என்ன பண்ணுனாங்கன்னா, புரோகிராமு புது ஃபைலை நேரா பழசு மேல எழுதக் கூடாது. தனியா ஒரு ஓரத்துல எழுதோணும். எழுதிட்டுப் பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாக்கோணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா, புதுசைத் தூக்கிப் போட்டுட்டுப் பழசைத் தொடாம அப்படியே உட்டரோணும். மாறியிருந்தா மட்டும் மாத்தோணும். தொடலைன்னா கம்ப்யூட்டரு அரைக்காதில்லீங்க? அதான் யோசனை. அரிசி மாறலைன்னா மூட்டையைத் தொடாத.

செஞ்சு ஓட உட்டாங்க. ஆயிரமும் அரைஞ்சுது!

ஏன்னு பாத்தா, அதுதானுங்க என்ற பஞ்சாங்கம்! ஃபைலுக்கு ஃபைல் தலையில மணி நிமிசம் இருக்குதில்ல, ஒவ்வொருக்காவும் மாறிக்கிட்டே இருக்கும். உள்ள கலரு அதேதான், தலைப்பு வேற. ஒப்பிட்டா ஒண்ணா எப்படி இருக்கும்? நான் எந்திரிச்சு நின்னு கை தட்டுனேன். ஆமாங்க, தட்டுனேன். பிள்ளையாரு ஜெயிச்சுட்டாருன்னேன்.

அவங்க எங்கிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க. "ஏனுங்க, அந்த வரியை மட்டும் எடுத்தரட்டுங்களா?" எனக்கு வந்துது பாருங்க கோவம். "அதை எடுத்தா கம்பெனிக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆகும், அப்ப யாரு பொறுப்பு?"ன்னு கத்திப்போட்டேன். ஆபீஸே திரும்பிப் பாத்துது. அவங்க கண்ணு கலங்குச்சு. நான் பாக்காத மாதிரி கீபோர்டைத் தொடச்சேன்.

மறுநாள் வந்து பாக்கறேன், வேலையை முடிச்சு வெச்சிருக்காங்க. சுழியை எல்லா ஃபைல்லயும் அப்படியே உட்டிருக்காங்க. ஏன்னா சுழி மாறாதில்லீங்க. தேதி, திதி, நட்சத்திரம், மணி, அத்தனையும் எடுத்து "பஞ்சாங்கம்"னு தனியா ஒரே ஒரு ஃபைல்ல வெச்சுப்போட்டாங்க. அதை வேற எதுவும் எட்டிப் பாக்காது. ஓட உடற ஒவ்வொரு தடவையும் அது மட்டும் தானாப் புதுசா எழுதிக்கும். ராகு காலமும் அதுக்கு மட்டுந்தான். மத்த ஆயிரமும் அதது எடத்துல தூங்கும். "பிள்ளையாருக்குத் தனியாக் கோயிலு கட்டிக் குடுத்திருக்கறேனுங்க"ன்னு எங்கிட்டச் சொல்றாங்க. கோயிலா அது? நான் அப்பவே சொன்னேன், "பிள்ளையாரைக் கொண்டு போயித் தெருமுக்குல உக்கார வெச்சுட்டீங்களே"ன்னு.

என்னங்க? உங்க ஊர்லயும் பிள்ளையாரு தெருமுக்குலதான் இருக்காருங்களா? அது வேறங்க. அதுவும் இதுவும் ஒண்ணா? இருங்க, கொழப்பாதீங்க.

செரி, இப்ப என்ன ஆச்சுன்னா, ஒரு கலரை மாத்துனா அந்த ஒரு கலரு மட்டும் அரையுது. தும்மி முடிக்கறதுக்குள்ள ஆயிருது. ஒண்ணுமே மாத்தாம அமுக்குனா, ஸ்கிரீன்ல "ஒண்ணும் மாறலைங்க"ன்னு ஒரு வரி வருது. அவங்கதான் போட்டாங்க, மருவாதியா இருக்கட்டும்னு ஒரு "ங்க"வும் சேத்து. சபாபதி மறுக்கா வந்து வெங்காயத்தோலைப் பாத்துட்டு, பக்கத்துப் பட்டறைக்காரரையும் கூட்டிட்டு வந்துட்டாரு. சாருக்கு ஒரே சந்தோசம்.

ஆனா டீ போச்சுங்களே! அதை யாரு கேட்டாங்க? கீழ எறங்கறதுக்கே நேரம் இல்லை. நான் என்ற சீட்டுலயே உக்காந்துட்டேன். ரெண்டு நாளு கழிச்சு அவங்க வந்து நின்னாங்க. "டீக்குப் போலாங்களா?" நான் சொன்னேன், "அதான் அரைஞ்சு முடிஞ்சுருச்சே, இனி எதுக்கு டீ?" செரியாத்தான சொன்னேன்? அவங்க, "டீ குடிக்கக் கூட உங்களுக்கு ஒரு காரணம் வேணுங்களா?"ன்னு கேட்டுட்டுத் தனியா எறங்கிப் போனாங்க. மாடி சன்னல்ல இருந்து பாத்தேன். ஒரு பன்னை வாங்கிப் பலகையில வெச்சுட்டு, சாப்புடாமயே உக்காந்திருந்தாங்க. அன்னைக்கு மத்தியானச் சோத்தை நான் தொறக்கவே இல்லை. காலையில தோசை சேரலைன்னு நெனச்சுக்கிட்டேன்.

இன்னைக்குத்தானுங்க கடைசியாப் பேசுனது. காலையில நேரா வந்து, "ஒசூர்ல இருந்து ஒரு மாப்பிள்ளை வூட்டுல கேட்டு உட்டிருக்காங்க. எங்கப்பா சாயங்காலம் ஆபீஸ் உடறப்ப போன் பண்ணுவாரு. சரியா, வேண்டாமான்னு நான் சொல்லியாகோணும். நீங்க என்ன சொல்றீங்க?"ன்னாங்க. "ஒருக்கா குன்னத்தூர் போயிட்டு வந்து சொல்லிரட்டுங்களா?"ன்னேன்.

அதுக்கு என்ன கேட்டாங்க தெரியுமுங்களா? "என்ற ஜாதகம் மாறிருச்சுங்களா?"

"மாறலைங்க. ஆனா பை புதுசு"ன்னேன்.

நெசந்தானுங்க. நேத்துத்தான் இந்த மஞ்சப் பையை வாங்குனேன். பழைய பையில ஜிப்பு போயிருச்சு. புதுப் பையில வெச்சதுக்கப்புறம் காட்டவே இல்லையே! அதைச் சொன்னா, அவங்க சிரிக்கவும் இல்லை, அழுகவும் இல்லை. சீட்டுல போயி உக்காந்துக்கிட்டாங்க. நான் அரை நாள் லீவு சொல்லிட்டு பஸ்சு ஏறிட்டேன். இப்பச் சொல்லுங்க, என்ற பஞ்சாங்கத்தைத் தூக்கி ஓரமா வெச்சது அவங்க. கோவப்பட வேண்டியது நானு. அவங்க எதுக்குங்க கோவப்படோணும்?

என்னங்க கேக்கறீங்க? ஜோசியரு இந்தத் தடவ ஏழுன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவேன்னா? ஏழுங்களா? ஏழு போதுமுங்க. கட்டிக்குவேன். ஆறுன்னா? ஆறும் பரவால்லீங்க. ஊர்ல பாதிப் பேருக்கு ஆறுதான். அஞ்சுன்னா? ஏனுங்க ஒவ்வொண்ணாக் கொறச்சுக்கிட்டே வர்றீங்க, காய்கறிக் கடைங்களா இது? இருங்க, யோசிக்கறேன்.

கட்டிக்குவேனுங்க.

அந்தம்மிணி பன்னைப் பிச்சா பெரிய பாதியை என்ற பக்கம் தள்ளி வெப்பாங்க. ஒவ்வொருக்காவும். கேட்டா ரெண்டும் ஒண்ணுதாம்பாங்க. எது பெருசுன்னு எனக்குத் தெரியாதுங்களா? தேங்காயெல்லாம் என்ற பாதியிலதான் இருக்கும். ஒத்தப் பொருத்தம் இல்லைன்னாலும் கட்டிக்குவேனுங்க.

அப்புறம் எதுக்குக் குன்னத்தூர் போறேன்னு கேக்கறீங்க.

அதான் சொன்னேனே, பை புதுசு.

பை புதுசுங்க. உள்ள இருக்கறது அதே ஜாதகந்தான்.

அதேதானுங்க.

அய்யோ. ஏனுங்க, இது எந்த ஊரு? தெக்கலூர் தாண்டிருச்சுங்களா? கண்டக்டரண்ணா! கண்டக்டரண்ணா, நிறுத்தச் சொல்லுங்க, நான் எறங்கோணும். குன்னத்தூர் இல்லீங்க, இங்கயேதான். டிக்கெட்டு போனாப் போகுதுண்ணா. ஸ்டாப்பு இல்லீங்களா? அவினாசியிலதான் நிக்குமா? செரி, அவினாசியிலயே எறங்கிக்கறேன். அங்க கோயமுத்தூர் பஸ்சு நெறைய வருமுங்கல்ல?

போனா? போன் அணைஞ்சு போச்சுங்க. பஸ்சு கெளம்பறதுக்கு முந்தி பஞ்சாங்க ஆப்பைத் தொறந்து தொறந்து பாத்து, சார்ஜு பூராவும் போயிருச்சு. உங்க போனு வேண்டாமுங்க. நம்பரு மனப்பாடந்தான், ஆனா இதைப் போன்ல சொல்லக் கூடாது. அந்தப் பலகையில உக்காந்து சொல்லோணும். ஒரு பன்னு வாங்கி, நான் பிச்சு, பெரிய பாதியை அந்தப் பக்கம் தள்ளி வெச்சுட்டுச் சொல்லோணும். இத்தனை நாளும் நான் பிச்சதே இல்லீங்க. கேட்டீங்களா இந்த அநியாயத்தை?

வந்துருச்சு, வந்துருச்சு. நகருங்க, நகருங்க. பையா? ஆமா, பை. குடுங்க. இல்ல, வேண்டாம், குடுக்காதீங்க! உங்ககிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்துதுன்னா, எறங்கி வேற பஸ்சு ஏறுனதுமே மறுக்கா பாக்கோணும்னு தோணும். என்னை எனக்குத் தெரியுமுங்க. கோபியில உங்க தெருமுக்குல பிள்ளையாரு இருக்காருன்னீங்கல்ல, அவரு காலடியில வெச்சுருங்க. ரெண்டு ஜாதகமும் ஒண்ணாத்தான் இருக்குது. பிரிச்சுப்போடாதீங்க, அது போதும்.

ஏனுங்க! சன்னலுக்குக் கிட்ட வாங்க, இங்க, கீழ! கோயமுத்தூர் பஸ்சுக்கு எதுத்த பக்கந்தான நிக்கோணும்? எதுத்த பக்கந்தான? செரி, செரி, கேட்டுட்டேன், இனிக் கேக்கலை. ஒரே ஒரு விசயமுங்க. மணி என்ன ஆச்சு?

அய்யோ, இல்லீங்க, நல்ல நேரமான்னு பாக்கறதுக்கு இல்லீங்க. ஆபீஸ் உடறதுக்குள்ள போயிச் சேந்துருவனான்னு பாக்கத்தானுங்க!